பத்திரம் கைக்கு வந்ததா?

ஆய்க்குடிக்கு நீங்கள் போனதுண்டா? குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அநேகம் பேர். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, தென்காசிக் கோபுரத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு ரயிலேறி விடுவார்கள். சற்றே தள்ளி, அனுமன் நதிக் கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலை நடுவில் வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் ஆய்க்குடியை விட்டுவிடுவார்கள். 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் தொடங்கிய அமர் சேவா சங்கத்தால் இந்த ஊரின் பெயர் வெளியூர்களிலும் தெரிந்திருக்கிறது. எனக்கு அது பிறந்தகம். அதனால் சாரல் விழ ஆரம்பித்தால் என் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

சென்ற ஆடி மாதம் அப்படித்தான் போய் இறங்கினேன். வாசலில் மதினி நின்றாள். வழக்கமான சிரிப்பைக் காணோம்.

"என்ன மதினி, முகம் ஏன் இப்படி வாடியிருக்கு?" என்று கேட்டேன்.

"நான் கணக்கை முடிச்சுட்டேன். கணக்குதான் என்னை விட மாட்டேங்குது!" என்றாள்.

இனி வரப்போவது ஒரு வியாபார சமாசாரம். "குடும்பப் பத்திரிகையில் இது எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று எத்தனையோ வீடுகளின் பின்கட்டில் தையல் இயந்திரம் ஓடுகிறது. அப்பளமும் ஊறுகாயும் மசாலாப் பொடியும் மூட்டை மூட்டையாகக் கடைகளுக்குப் போகின்றன. சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிற சகோதரிகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஒருவேளை நீங்களே அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பாக்டரி அல்ல, பாக்டரிங்

மதினியிடம் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு பெண்கள் காலையில் வந்து மாலையில் போவார்கள். பள்ளிக்கூடச் சீருடையும் வீட்டில் உடுத்தும் அங்கிகளும் தைத்து, பட்டணத்து மொத்த வியாபாரி ஒருவருக்கு அனுப்புவாள். சரக்கு போன மறுநாளே பில் போய்விடும். பணம் மட்டும் மூன்று மாதம் கழித்து வரும். பெண்களுக்குக் கூலியோ சனிக்கிழமை தோறும் கொடுத்தாக வேண்டும்.

இந்த இடைவெளியை அடைக்க இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியோடு அவள் ஒப்பந்தம் செய்துகொண்டாள். அதற்குப் பெயர் 'பாக்டரிங்'. எங்கள் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரில் பாக்டரி?" என்று விசாரித்தாள். இதில் புகைபோக்கியும் இல்லை, சங்கும் ஊதாது. வரவேண்டிய பில்லை இன்னொருவருக்கு விற்று, கையோடு பணம் வாங்கிக்கொள்வதுதான் பாக்டரிங்.

ஒரு லட்ச ரூபாய் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி உடனே 80,000 ரூபாய் கொடுக்கிறது. மீதி 20,000 அவர்கள் கையில் இருப்பாக நிற்கிறது. 90 நாள் கழித்து வியாபாரி முழு லட்சத்தையும் அந்தக் கம்பெனிக்குக் கட்டுகிறார். கம்பெனி தன் கட்டணம் நூற்றுக்கு ஒன்று, அதாவது 1,000 ரூபாயும், கொடுத்த 80,000-க்கு வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் 90 நாள் வட்டி சுமார் 2,959 ரூபாயும் பிடித்துக்கொள்கிறது. மீதி 16,041 ரூபாய் உங்களுக்கு வருகிறது. ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய் செலவில் மூன்று மாதக் காத்திருப்பு தீர்ந்தது. அவசரத்துக்கு இது நல்ல உதவி என்பதில் சந்தேகமில்லை.

நம் நாட்டுக்கு இது முற்றிலும் புதிதுமல்ல. உண்டியலைத் தவணைக்கு முன்பே வட்டி கழித்துக்கொண்டு வாங்குகிற வழக்கம் கடைத்தெருக்களில் வெகு காலமாக இருந்தது. பாக்டரிங் என்ற பெயரோடு இது முறையாக வரவேண்டுமா என்று ஆராய, 1988-ல் ரிசர்வ் வங்கி ஸி.எஸ். கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் பலனாக 1991-ல் ஸ்டேட் பாங்கும் கனரா பாங்கும் இதற்கென்று தனிக் கம்பெனிகளைத் தொடங்கின. 2011-ம் வருஷத்துப் பாக்டரிங் ஒழுங்குமுறைச் சட்டம் 2012-ல் அமலுக்கு வந்தது. 2021-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இன்னும் அநேக நிதிக் கம்பெனிகள் இந்தத் தொழிலில் இறங்க வழி திறந்தது. உள்ளே போக வாசல்கள் பெருகிவிட்டன. வெளியே வருகிற வழியைத்தான் யாரும் முன்கூட்டிப் பார்த்து வைப்பதில்லை.

மதினி செய்த காரியம்

பங்குனி மாதத்தில் ஒரு பாங்கு மதினிக்குக் குறைந்த வட்டியில் கடன் வசதி தருவதாகச் சொல்லிற்று. மதினிக்கு ஒரே சந்தோஷம். பாக்டரிங் கம்பெனிக்குப் பில் அனுப்புவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். "பில் கொடுத்தால்தானே ஒப்பந்தம்? கொடுக்காவிட்டால் முடிந்து போயிற்று" என்பது அவள் எண்ணம். கடைக்காரரிடம் கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போகிற மாதிரிதான் இதையும் நினைத்தாள்.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நாலு இடிகள் விழுந்தன.

முதலாவது: மாதந்தோறும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் அவளுடைய இருப்பிலிருந்து பிடிக்கப்பட்டது. பில் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்ததாம்.

இரண்டாவது: ஒப்பந்தம் சித்திரையில் தானாகவே இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. வேண்டாம் என்றால் அறுபது நாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

மூன்றாவது: புதிதாக அனுப்பிய சரக்கின் பணமும் அவளுக்கு வரவில்லை. வியாபாரி அதையும் பாக்டரிங் கம்பெனிக்கே கட்டிவிட்டார்.

நாலாவது: புதிய பாங்கு கையை விரித்தது. "உங்கள் பில்கள் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கின்றன. அது நீங்கினால்தான் நாங்கள் தரமுடியும்" என்றார்கள்.

மூன்று மாதத் தையலின் பணம் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. தீபாவளியோ நெருங்குகிறது. பன்னிரண்டு பெண்களும் போனஸை நம்பிச் சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். மதினியின் முகம் வாடாமல் என்ன செய்யும்?

கணக்கப்பிள்ளை செய்ததே சரி

மதினிக்கு எல்லாரையும் விட அந்த வியாபாரியின் கணக்கப்பிள்ளை மீதுதான் கோபம். "நான் தச்சு அனுப்பின சரக்கு, எனக்குக் கட்டுங்கன்னு நானே சொல்றேன். அந்த மனுஷர், கம்பெனியிலேருந்து கடுதாசி வாங்கிட்டு வாங்கங்கிறார்!" என்று பொருமினாள்.

ஆனால் விசாரித்துப் பார்த்தபோது, அவர் செய்ததுதான் சரி என்று தெரிந்தது. மதினியின் ஒப்பந்தம் ஒவ்வொரு பில்லாக விற்கும் ஒப்பந்தம் அல்ல. அந்த வியாபாரியிடமிருந்து இன்று வரவேண்டியது, இனிமேல் வரவேண்டியது எல்லாவற்றையும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தச் செய்தி வியாபாரிக்கு நோட்டீஸாகப் போயிருந்தது. சட்டப்படி அப்படி நோட்டீஸ் வந்துவிட்டால், கம்பெனிக்குக் கட்டினால்தான் வியாபாரியின் கடன் தீரும். மதினியின் பேச்சை நம்பி அவள் கையில் கொடுத்திருந்தால், அதே பணத்தை அவர் இரண்டாம் முறையும் கட்ட நேரிடலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விற்றுவிட்ட பில்லின் பணத்தை வியாபாரி தவறிப்போய் உங்கள் கணக்கிலேயே போட்டுவிட்டார் என்று வையுங்கள். "வந்தது லாபம்" என்று செலவழித்துவிடாதீர்கள். அந்தப் பணம் உங்களிடம் கம்பெனியின் பொறுப்பாக இருக்கிறது என்றே சட்டம் சொல்கிறது. அதை அவர்களிடம் சேர்த்துவிட வேண்டும்.

அம்மாவின் கேள்வி

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். பாக்டரிங் அவளுக்குப் புரியவில்லை. ஒத்தி புரியும். ஒரு கஷ்ட காலத்தில் எங்கள் வயல் ஒத்திக்குப் போயிருந்தது. பணத்தைக் கொடுத்தவர் விளைச்சலை எடுத்துக்கொண்டிருந்தார். வயலை மீட்ட அன்று அப்பா பணத்தைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றாராம். அம்மா அன்னத்தைப் பரிமாறவில்லை. "பணம் கொடுத்தது இருக்கட்டும். பத்திரம் கைக்கு வந்ததா?" என்று கேட்டாளாம். மறுநாளே அப்பா தென்காசிக்குப் போய், ஒத்தி தீர்ந்த ரசீதைப் பதிவு செய்துவிட்டுத்தான் வந்தார். அது பதிவாகாமல் இருந்தால் வில்லங்கச் சான்றில் ஒத்தி அப்படியே நின்றிருக்கும்.

அன்றைக்கும் அம்மா அதே கேள்வியைத்தான் கேட்டாள்: "ஏம்மா, பத்திரம் கைக்கு வந்துட்டா?"

மதினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவளிடம் பத்திரம் மட்டுமில்லை, ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை!

பில்லுக்கும் வில்லங்கம் உண்டு என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். நிலத்துக்குச் சார்பதிவாளர் கச்சேரி இருப்பது போல, இதற்கு 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவகம் 2011 முதல் இருக்கிறது. பில்களை வாங்கும் பாக்டரிங் கம்பெனி அந்த உரிமையை அங்கே பதிவு செய்கிறது. கணக்குத் தீர்ந்ததும், தீர்ந்தது என்பதையும் அங்கே பதிய வேண்டும். அதுவரையில் அடுத்த பாங்கு அந்தப் பதிவைத்தான் பார்க்கும். உங்கள் சொல்லைக் கேட்காது.

வெளியே வரும் வழி

மதினியும் நானும் ஒப்பந்தத்தை விளக்கடியில் வைத்து வரி வரியாகப் படித்தோம். பிறகு தென்காசியில் ஒரு வக்கீலையும் ஆடிட்டரையும் பார்த்தோம். அவர்களிடம் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் முதலில் நாலு இடங்களில் விரலை வையுங்கள். எத்தனை காலத்துக்கு ஒப்பந்தம், அது தானாகப் புதுப்பிக்கப்படுமா? எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும்? பில் இல்லாவிட்டாலும் கட்டணம் உண்டா? வியாபாரி பணம் கொடுக்காவிட்டால் நஷ்டம் யாருடையது? இந்த நாலாவது கேள்வி மிகவும் முக்கியம். பொறுப்பு உங்களுடையது என்றிருந்தால், ஒப்பந்தம் முடிகிற நாளில் வசூலாகாத பில்களைக் கொடுத்த விலைக்கே நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிவரும்.

அடுத்தபடியாக முன்னறிவிப்பு. டெலிபோனில் சொன்னதும், வசூலுக்கு வந்த பையனிடம் சொன்னதும் செல்லாது. ஒப்பந்தத்தில் கண்ட முகவரிக்கு, எழுத்தில், சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். ஒப்பந்தத் தேதி, முடிய வேண்டிய தேதி இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, முழுக் கணக்கைக் கேளுங்கள். எந்தெந்தப் பில் பாக்கி, அதற்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு, உங்கள் இருப்பு எவ்வளவு, பிடித்த கட்டணம் எவ்வளவு, எந்தப் பில்லுக்கு என்று தெரியாமல் வந்து கிடக்கும் பணம் எவ்வளவு? மதினியின் கணக்கில் இந்தக் கடைசி இனத்தில்தான் அவளுடைய புதிய சரக்கின் பணம் தூங்கிக்கொண்டிருந்தது!

நாலாவதாக, அவசரப்படாதீர்கள். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பாக்கிப் பில்களையெல்லாம் கைப்பணம் போட்டு மீட்க வேண்டும். முன்னறிவிப்புக் காலத்தில், ஒப்பந்தம் இடம் கொடுத்தால், புதிய பில்களுக்கு முன்பணம் வாங்காமல், பழையவை ஒவ்வொன்றாக வசூலாகும்படி விட்டால் மீட்க வேண்டிய தொகை தானாகவே குறைந்துவிடும். புதிய பாங்கு ஏற்றுக்கொள்வதாக இருந்தால், அவர்களே பழைய கம்பெனிக்கு நேராகக் கட்டி, ஒரே நாளில் கை மாற்றிக்கொள்வதும் உண்டு.

ஐந்தாவது, நடுவில் முறிப்பதற்கான கட்டணம். கேட்ட தொகையை அப்படியே கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 74-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாமல் நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஆகவே, "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்று எழுத்தில் விவரம் கேட்பதில் தவறே இல்லை. மதினி கேட்டாள். வருஷக் கடைசி வரைக்கும் உள்ள குறைந்தபட்சக் கட்டணம் முழுவதையும் கேட்டவர்கள், இரண்டு கடிதங்களுக்குப் பிறகு பாதிக்கும் குறைவாக ஒப்புக்கொண்டார்கள்.

கைக்கு வரவேண்டிய காகிதங்கள்

பணம் தீர்ந்த பிறகுதான் நம்மவர்கள் அசந்து போகிறார்கள். காரியத்தின் பிற்பாதி அப்போதுதான் ஆரம்பமாகிறது. வாங்க வேண்டியவை இவை:

பாக்கி ஒன்றுமில்லை என்ற கடிதம்.

ஒவ்வொரு வியாபாரிக்கும், "இனி இவருக்கே நேராகக் கட்டலாம்" என்று கம்பெனி எழுதும் கடிதம். அதன் பிரதி உங்களுக்கு.

மத்தியப் பதிவகத்தில் தீர்வு பதிவானதற்கு அத்தாட்சி.

முன்பு கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குகள், அதிகாரப் பத்திரம், அடமானமாக வைத்த வீட்டுப் பத்திரம் இருந்தால் அதுவும்.

ஜாமீன் விடுதலைக் கடிதம்.

இந்தக் கடைசிக் கடிதத்தைப் பற்றிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கணவரின் தொழிலுக்காக, "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்றதும் படிக்காமலே போட்டுக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கையெழுத்து ஜாமீனாக இருக்கலாம். தொடர்ந்து நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குக் கொடுத்த ஜாமீனை, இனி நடக்கப் போகிறவற்றுக்கு மட்டும், நோட்டீஸ் கொடுத்து ரத்துச் செய்ய ஒப்பந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தில் வேறு விதமாக எழுதியிருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பாக்கிக்கு உள்ள பொறுப்பு கணக்குத் தீரும் வரையில் நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு

"அப்படியானால் பில்லை விற்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். விற்கலாம். வருஷக் கணக்கில் கட்டுப்படாமல் ஒவ்வொரு பில்லாக விற்க இப்போது 'டிரெட்ஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014-ல் இதற்கு விதிகள் வகுத்தது. 2017-ல் வேலை தொடங்கிற்று. வியாபாரி ஒப்புக்கொண்ட பில்லைக் கம்ப்யூட்டர் வழியே ஏலத்தில் வைப்பார்கள். பாங்குகள் போட்டி போட்டு வட்டி கேட்கும். பிடித்த கேள்வியை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். வியாபாரி பிறகு பணம் கட்டாமல் போனாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு உத்தரவிட்டது. உங்கள் சரக்கை வாங்குகிறவர் அவ்வளவு பெரியவர் என்றால் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். குறு, சிறு தொழில் என்று முறைப்படி பதிவு செய்துகொண்டவர்களுக்கு, 2006-ம் வருஷத்துச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் தவணை சொல்லக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியோடு கொடுக்க வேண்டும். மதினி மூன்று மாதம் காத்திருந்தாளே, அவள் இந்தப் பதிவைச் செய்துகொண்டிருக்கவில்லை. இப்போது செய்துவிட்டாள்.

தீபாவளி வந்தது

ஆடியில் எழுதிய கடிதத்துக்குப் புரட்டாசியில் பலன் கிடைத்தது. பாக்கியிருந்த இரண்டு பில்களில் ஒன்று வசூலாயிற்று. இன்னொன்றில் தையல் சரியில்லை என்று வியாபாரி தகராறு செய்திருந்தார். அதை மதினியே மீட்டுக்கொண்டாள். அதற்குக் கையிலிருந்த ஒரு ஜோடி வளையல் சில நாள் அடகுக்குப் போய்வந்தது. தூங்கிக் கிடந்த பணம் விழித்து எழுந்து வந்தது. கம்பெனியின் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே அந்தக் கணக்கப்பிள்ளை தாமதமில்லாமல் அடுத்த பில்லின் பணத்தை மதினியின் கணக்கில் கட்டிவிட்டார். மதினி அவருக்கு ஒரு டப்பா அதிரசம் அனுப்பிவைத்தாள்.

தீபாவளிக்கு ஒரு வாரத்துக்கு முன் பன்னிரண்டு பெண்களும் போனஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிரவு மதினி எனக்கு டெலிபோன் செய்தாள். காகிதங்களையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, ஒத்தி தீர்ந்த ரசீது இருக்கும் அதே இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டாளாம்.

"அம்மா என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. பெட்டிச் சாவியை மட்டும் என் கையில கொடுத்துட்டாங்க" என்றாள் மதினி.